நடு ஏரியின் நீரோட்டம்

“சொல்பிரிட் எனொக்சொன்: அவாநேஸ் பனிவண்டிச் சங்கத்தின் இளைஞர் பிரிவுத் தலைவி. வேகம், துணிச்சல், ஓயாத சிரிப்பு ஆகிய மூன்றுக்கும் மறுபெயர். பனியின் மேல் பறப்பதே இவருக்கு மூச்சு. இவரைச் சுற்றி எப்போதும் ஓர் இளைஞர் பட்டாளம்.”

நகராட்சி இந்த வருஷம் வழங்கிய ஓய்வுநேரச் சேவை விருதின் வாசகம் இது. இதில் பெயர் சரி.

சொல்பிரிட்டுக்கு வயது அறுபத்து நான்கு. அவள் மோட்டார் பனிவண்டி ஓட்டும் வேகத்தைப் பார்த்து ஒருமுறை நரி ஒன்று கொஞ்ச தூரம் பக்கத்திலேயே வந்தது. பிறகு சலித்துப்போய் முந்திக்கொண்டு போய்விட்டது. அவள் சிரித்ததைப் பார்த்தவர்கள் ஊரில் உண்டு. ஆனால் பார்த்தது சிரிப்புத்தானா என்பதில் அவர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. இளைஞர் பட்டாளத்தைப் பொறுத்தவரை, அவாநேஸின் கடைசி இளைஞன் வெல்டிங் வேலைக்காக லூலியோ நகரத்துக்குப் போய், அங்கேயே கல்யாணம் செய்து, இப்போது முதுகுவலிக்கு மருத்துவம் பார்த்துக்கொண்டிருக்கிறான். இளைஞர் பிரிவு இருந்தால்தான் சங்கத்துக்கு மானியம் வரும். பிரிவு இருந்தால் அதற்கு ஒரு தலைவர் வேண்டும். அந்தப் பொதுக்கூட்டத்தில் சொல்பிரிட் காபி போட உள்ளே போயிருந்தாள். கெட்டிலோடு திரும்பி வந்தபோது தலைவியாகியிருந்தாள்.

விருது வாங்கப் போனாள். கை குலுக்கினாள். கொடுத்த கண்ணாடிக் கிண்ணத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, உருளைக்கிழங்குத் தோல் போட வசதியாக இருந்ததால் சமையலறைத் தொட்டி ஓரத்தில் வைத்தாள்.

வடகோடியில் இருக்கும் அவாநேஸில் குளிர்காலம் என்பது அக்டோபரில் தொடங்கி, எல்லாரும் நம்பிக்கை இழந்த பிறகு மே மாதத்தில் முடிவது. அந்த ஊர்க்காரர்களுக்குப் பனிவண்டி என்பது பிரயாண சாதனம் என்று சொன்னால் அது அரை உண்மைதான். போவதற்கு இடம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆனாலும் சனிக்கிழமை விடிந்தால் போவார்கள். தலைமுதல் கால்வரை ஒரே உடுப்பாகத் தைத்த தடித்த கவச ஆடைக்குள் நுழைந்து, ஹெல்மெட்டை மாட்டி, விருந்துக்கு வந்த பேரப்பிள்ளைகளையும் கலைமான் தோலையும் காபிக் கெட்டிலையும் பின்னால் கட்டிய சறுக்குப்பெட்டியில் அடைத்துக்கொண்டு ஏரியைக் கடப்பார்கள். அந்தக் கரையில் தீ மூட்டி ஸாஸேஜ் சுட்டுத் தின்பார்கள். பிறகு ஏரியைக் கடந்து வீட்டுக்கு வருவார்கள். வீட்டிலும் ஸாஸேஜ் இருக்கிறது, அடுப்பும் இருக்கிறது. இதை யாரும் சுட்டிக்காட்டுவதில்லை.

சொல்பிரிட்டின் கணவன் ஹில்டிங் இந்த மகிழ்ச்சிக்கென்றே பிறந்தவன். வருஷத்தில் ஏழு மாதம் வண்டி ஓட்டினான். மிச்ச மாதங்களில் வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு அதைப் பற்றிப் பேசினான். சங்கத்தின் தடம் அவன் பொறுப்பில் இருந்தது. ஜனவரியில் ஏரி நன்றாக உறைந்ததும் குறிக்கம்புகளை நட வேண்டும். ஆள் உயரக் கம்பு, உச்சியில் சிவப்பில் ஒரு பெருக்கல்குறி. பனிப்புயலில் வானம் எது, தரை எது என்று தெரியாதபோது ஒரு கம்பிலிருந்து அடுத்த கம்பைத் தேடிப்பிடித்துத்தான் மனிதர்கள் உயிரோடு வீடு வந்து சேர்கிறார்கள். ஆகவே அவாநேஸ்காரர்கள் பைபிளைச் சந்தேகித்தாலும் கம்பைச் சந்தேகிப்பதில்லை. கம்பு இருக்கும் வழியே பாதுகாப்பான வழி. கம்பு இல்லாத இடத்தில் பனி எத்தனை கெட்டியாக இருந்தாலும், அது யாரும் போகக்கூடாத இடம்.

ஹில்டிங் வண்டியை ஓட்டுவான். சொல்பிரிட் பின்னால் சறுக்குப்பெட்டியில் கம்புகளோடு, காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவன் கையை உயர்த்தி வண்டியை நிறுத்தினால் அவள் இறங்கித் துளை போட்டுக் கம்பை நடுவாள். மீதியைக் குளிர் பார்த்துக்கொள்ளும். இப்படியே வருஷா வருஷம், கல்யாணமான நாள் முதலாக. அந்த ஏரியை அவளைவிட அதிகமாகப் பார்த்தவர்கள் குறைவு. ஆனால் பார்த்ததெல்லாம் பின்னால் போகிற பக்கத்தை.

ஹில்டிங் இரண்டு முறை பனி உடைந்து வண்டியோடு தண்ணீருக்குள் போனவன். இரண்டு முறையும் தானாகவே ஏறி வந்து, மூன்றாம் நாள் அதைச் சிரிப்புக் கதையாக மாற்றிவிட்டான். அப்படிப்பட்டவன் போன ஆகஸ்டில், ஊரில் பனியே இல்லாத ஒரு வெயில் நாளில், கொட்டகையின் உலர்ந்த சிமென்ட் தரையில் வண்டியின் பெல்ட்டை மாற்றிக்கொண்டிருந்தபோது மாரடைப்பு வந்து செத்துப்போனான். சாப்பிடக் கூப்பிடப் போன சொல்பிரிட் பார்த்தாள். திரும்பி உள்ளே வந்து, உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்த அடுப்பை அணைத்தாள். அப்புறம்தான் போன் செய்தாள்.

இந்த வரிசையை அவள் நாத்தனார் குன்வோர் மன்னிக்கவே இல்லை.

“முதல்ல அடுப்பா அணைச்சே?”

“தீஞ்சிடுமே.”

“என் தம்பி அங்க விழுந்து கெடக்கறான், உனக்கு உருளைக்கிழங்கு தீயறது!”

“அவன் போயிட்டான் குன்வோர். உருளைக்கிழங்கு போகல.”

சொல்பிரிட் அழவில்லை. அடக்கத்தின்போதும் அழவில்லை; கோடை வீட்டுக்காரர்கள் தெற்கே திரும்பிப் போய் ஊர் காலியான பிறகும் அழவில்லை. ஊர்ப் பெண்கள் பன் சுட்டுக்கொண்டு வந்து, உட்கார்ந்து, அவள் முகத்தையே பார்த்தார்கள். அவள் பன் நன்றாக இருக்கிறது என்றாள். வந்தவர்கள் ஏமாற்றத்தோடு போனார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் இது அதிர்ச்சி, தானாக விலகும் என்றார். விலகும்வரை காத்திருக்க அவளுக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் மரத்துப்போனது ஆகஸ்டில் அல்ல. அது அவளுக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

ஏரியின் குறுக்கே நேராகப் போனால் எதிர்க்கரையில் சங்கத்துக்கு இருக்கும் குடிலை அடைய அரை மணி நேரம்கூட ஆகாது. ஹில்டிங் போட்ட தடம் நேராகப் போகாது. பாதி ஏரியில் வலப்பக்கம் திரும்பி, நோர்ரவிக் முனையை ஒட்டி ஒரு பெரிய வளைவு எடுத்து, அப்புறம்தான் குடிலுக்குப் போகும். ஏன் வளைவு என்று கேட்டால் ஊரில் எல்லாருக்கும் பதில் தெரியும்: நடு ஏரியில் நீரோட்டம். அடியில் நீர் ஓடினால் பனி கெட்டிப்படாது. சங்கத்தின் வரைபடத்தில் அந்த இடத்தில் சாய்கோடுகள் போட்டு ‘பலவீனப் பனி’ என்று அச்சடித்திருக்கிறது. அங்கே இதுவரை யாரும் மூழ்கியதில்லை, ஏனென்றால் யாரும் அங்கே போனதில்லை. ஆகவே எச்சரிக்கை வேலை செய்கிறது என்பது நிரூபணமாகிவிட்டது.

நோர்ரவிக் முனையில் ஒரே ஒரு வீடு. அங்கே மாய்-லிஸ் இருந்தாள். முன்பு ஊருக்கெல்லாம் முடி வெட்டியவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்த வீட்டுக்குச் சாலை கிடையாது. கோடையில் படகு, குளிர்காலத்தில் சங்கத்தின் தடம்.

தடம் போடத் தொடங்கிய மூன்றாவது குளிர்காலத்தில் சொல்பிரிட்டுக்குத் தெரிந்தது. அன்றைக்குக் கம்பு நட்டு முனைக்கு வந்து சேர்ந்தபோது மாய்-லிஸ் காபி கொண்டு வந்தாள். சொல்பிரிட்டுக்கு ஒரு கோப்பை. ஹில்டிங்குக்கு ஒரு கோப்பையும், அடியில் ஒரு சாஸரும், சாஸர் ஓரத்தில் ஒரு சர்க்கரைக் கட்டியும். ஹில்டிங் காபியைச் சாஸரில் ஊற்றி, சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு உறிஞ்சுகிறவன். பழைய தலைமுறைப் பழக்கம். வெளியில் நாலு பேர் பார்த்தால் கூச்சப்பட்டுக் கோப்பையிலேயே குடிப்பான். வீட்டில் மட்டும்தான் சாஸர். மாய்-லிஸ் எதுவும் கேட்காமல் சாஸரை நீட்டினாள். அவனும் எதுவும் யோசிக்காமல் ஊற்றி உறிஞ்சினான். ஒரு வாய்க்குப் பிறகுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. சொல்பிரிட் அப்போது துளைக்கும் கருவியில் ஒட்டியிருந்த பனியைத் தட்டிக்கொண்டிருந்தாள். தொடர்ந்து தட்டினாள்.

ஊருக்கு அதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அவாநேஸில் அந்தக் கஷ்டம் இல்லை, ஊர் தானாகவே வாயை மூடிக்கொண்டது. எல்லாரும் வளைந்து போனார்கள். வேறு ஒன்றும் நடந்தது. முனையின் தெற்குப் பக்கம் காற்றுக்கு மறைவாக, மார்ச் வெயில் முழுவதும் விழுகிற இடமாக இருந்தது. முதலில் ஒரு குடும்பம் நின்று காபி குடித்தது. பிறகு எல்லாரும் நின்றார்கள். ஈஸ்டர் சனிக்கிழமை ஊரே அங்கே கலைமான் தோலை விரித்து, காபியில் பாலாடைக்கட்டித் துண்டுகளை மிதக்கவிட்டு, முகத்தை வெயிலுக்குக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு கிடப்பது வழக்கமாகிவிட்டது. “என்ன எடத்தைத் தேர்ந்தெடுத்தான்யா ஹில்டிங்!” என்று பாராட்டுவார்கள். அவன் அடக்கமாகத் தலையாட்டுவான். அந்த விஷயத்தில் அவன் பொய் சொல்லவில்லை, எதுவும் சொல்லவில்லை.

சொல்பிரிட்டும் எதுவும் சொல்லவில்லை. ஒவ்வொரு ஜனவரியிலும் தன் கையாலேயே துளை போட்டு, தன் கையாலேயே கம்பை நட்டு, தன் புருஷன் அந்த வீட்டுக்குப் போகும் வழியைப் புயலிலும் தவறாதபடி அடையாளம் வைத்தாள். தெரிந்த முதல் வருஷம் கம்புகள் கோணலாக நின்றன. இரண்டாம் வருஷம் கோணல் குறைந்தது. பிறகு அது சமையலறை வேலைபோல ஆகிவிட்டது.

இந்த ஜனவரியில் சங்கத்தின் கூட்டம் நடந்தபோது, அவள் வழக்கம்போல் காபிக் கெட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சங்கத் தலைவர் எவர்ட் கிரான் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, தடத்துக்கு ‘ஹில்டிங் தடம்’ என்று பெயர் வைத்து முனையில் ஒரு பலகை நிறுத்துவது. எல்லாரும் தலையாட்டினார்கள். இரண்டு, யார் கம்பு நடுவது. அப்போது எவர்ட்டின் மருமகன் யோக்கிம் கையைத் தூக்கினான். தெற்கத்திப் பையன், கெட்டிக்காரன். ஊரில் அவன் வந்து ஒரு குளிர்காலம்தான் ஆகியிருந்தது.

“நேராப் போட்டா பாதி தூரம்தானே? தடத்தைச் சமன் பண்ற வண்டிக்கும் வேலை பாதியாகும். ஏன் அவ்ளோ சுத்தறோம்?”

“நடுவுல நீரோட்டம்” என்றார் எவர்ட்.

“யாரு அளந்தது?”

“ஹில்டிங்.”

“எங்கேர்ந்து வருது அந்த நீரோட்டம்? அந்தப் பக்கம் ஆறே இல்லையே மாமா. ஓடைகூடக் கிடையாது. தண்ணி சும்மா நடுவுலேர்ந்து நடுவுக்கு ஓடுதா?”

“காபி ஆறுது பாரு.”

“ஆறட்டும். நான் கேக்கறது...”

“ஆறுதுப்பா!”

பன்னில் ஏலக்காய் போதுமான அளவு இருக்கிறதா என்று ஒவ்வொருவரும் தனித்தனியே ஆராய்ந்தார்கள். யோக்கிம் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து எல்லார் தலையையும் மாறி மாறிப் பார்த்தான். கேள்வி கேட்டாகிவிட்டது, இனி அதைத் திருப்பி வாங்க முடியாது. எவர்ட் சொல்பிரிட் பக்கம் திரும்பினார்.

“நீதான் அவன் கூடவே போனவ. நீ சொல்லு. வளைவா, நேரா? நீ சொல்றபடி செய்வோம். யாரும் ஒரு வார்த்தை கேக்க மாட்டோம்.”

அதன் அர்த்தம் எல்லாருக்கும் புரிந்தது. நேர் என்று அவள் சொன்னால் முனைக்குத் தடம் கிடையாது. மாய்-லிஸுக்கு இடுப்பு எலும்பு மாற்று அறுவை ஆகியிருந்தது. அவளிடம் இருந்த சின்னப் பழைய வண்டி தடம் இல்லாத ஆழப் பனியில் ஒரு கல்லெறி தூரம்கூடப் போகாது. மளிகை அந்தத் தடத்தில்தான் வந்தது. வாரம் இருமுறை உதவிக்கு வரும் பெண்ணும் அதில்தான் வந்தாள். தடம் போனால் மாய்-லிஸ் அந்த வீட்டைவிட்டுப் போக வேண்டும். வளைவு என்று சொன்னால், சொல்பிரிட் இனி தன் காலம் உள்ளவரை ஒவ்வொரு ஜனவரியும் அந்த வீட்டு வாசலுக்குக் கம்பு நட வேண்டும். ஓட்டுவதற்கு ஹில்டிங்கும் இல்லை.

“போய்ப் பார்த்துட்டுச் சொல்றேன்” என்றாள்.

எவர்ட் மூச்சைச் சுருக்கென்று உள்ளே இழுத்தார். அந்த ஊரில் ‘ஆம்’ என்பதற்கு அந்த மூச்சே போதும், வாயைத் திறந்து பேச வேண்டிய அவசியம் இல்லை.

மறுநாள் காலை குன்வோர் வந்தாள். பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.

“நேராப் போடு.”

“காபி குடிக்கறியா?”

“குடிக்கறேன். நேராப் போடு. இவ்ளோ வருஷம் வாயில கொழுக்கட்டை வெச்சிருந்த மாதிரி இருந்தே. இப்ப கடவுளாப் பார்த்து அந்தத் தெக்கத்திப் பையன் வாயில பூந்து கேட்டிருக்கார். அவ பொட்டியைக் கட்டிக்கிட்டு டவுன் முதியோர் குடியிருப்புக்குப் போகட்டும்.”

“அவன் உன் தம்பி, குன்வோர்.”

“தம்பியை ஒண்ணும் பண்ண முடியாது, செத்துட்டான். இவ இருக்காளே!”

இந்த நியாயத்தில் ஒரு ஒழுங்கு இருந்தது. சொல்பிரிட் அதை மறுக்கவில்லை.

“உனக்குக் கோவமே வரலையாடி?”

சொல்பிரிட் யோசித்தாள். மூக்குக்கண்ணாடியைத் தேடுவதுபோல் உள்ளுக்குள் கோபத்தைத் தேடினாள். வழக்கமாக வைக்கிற இடங்களில் எல்லாம் பார்த்தாள். ஒரு காலத்தில் இருந்தது நிச்சயம். எங்கே வைத்தாள் என்று தெரியவில்லை.

“வந்தா சொல்றேன்” என்றாள்.

“சொல்லு, சொல்லு. தந்தி அடி” என்று குன்வோர் பன்னைப் பிய்த்தாள்.

வானம் தெளிந்திருந்த ஒரு முற்பகலில் சொல்பிரிட் கிளம்பினாள். கூட யாரும் வேண்டாம் என்றுவிட்டாள். ஹில்டிங்கின் வண்டி அவளுக்குப் பெரியது. இரண்டு தடவை கொட்டகைக் கதவில் இடித்த பிறகு வெளியே வந்தது. ஆக்ஸிலரேட்டரைக் கட்டை விரலால் லேசாகத் தொட்டபடி, நடந்து போகிறவன் சலித்துக்கொள்ளாத வேகத்தில் ஏரிக்குள் இறங்கினாள். அந்த ஏரியை முகம் பார்த்தபடி கடப்பது இதுவே முதல் முறை. எதிர்க்கரை கிட்டே வந்துகொண்டே இருந்தது. இது அவளுக்குப் புதிதாக இருந்தது. பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. இத்தனை வருஷம் கரைகள் விலகிப் போவதைத்தான் பார்த்திருந்தாள்.

பாதி ஏரியில், தடம் வலப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில், அவள் திருப்பவில்லை. சாய்கோடு போட்ட பகுதிக்குள் போனாள். பயமாக இருக்கும் என்று எதிர்பார்த்தாள். அதுவும் வரவில்லை. நடுவில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, இறங்கித் துளைத்தாள். கருவி கைப்பிடிவரை இறங்கிய பிறகுதான் தண்ணீர் கொப்பளித்து மேலே வந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்த் துளைத்தாள். அங்கேயும் பனி அதே கனம். துளைக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்து, முகத்தைக் கையால் மறைத்து, உள்ளே பார்த்தாள். கறுப்புத் தண்ணீர். துளைத்தபோது உதிர்ந்த பனித்துகள்கள் அதில் மிதந்தன. எந்தப் பக்கமும் நகரவில்லை. அவை நகருமா என்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுந்து வண்டியின் இருக்கையில் உட்கார்ந்து, கலைமான் இறைச்சி வைத்த ரொட்டியைத் தின்றாள். இந்த ஏரி முழுவதிலும் மிக உறுதியான பனி அவள் உட்கார்ந்திருந்த இடத்தில்தான் இருந்திருக்க வேண்டும். மேலே ஒரு வண்டிச்சுவடுகூட இல்லை. கன்னத்தில் ஈரம் வழிந்தது. கடைசியில் வந்துவிட்டதாக்கும் என்று கையுறையால் தொட்டுப் பார்த்தாள். குளிருக்குக் கண்ணில் நீர் கசிந்திருந்தது, அவ்வளவுதான். மூக்கும் ஒழுகியது. துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பி, முனையைப் பார்த்து ஓட்டினாள்.

மாய்-லிஸ் ஊன்றுகோலோடு படியில் நின்றிருந்தாள். ஹில்டிங் இறந்த பிறகு இருவரும் நேரில் பார்ப்பது இதுதான் முதல் முறை. அடக்கத்துக்கு அவள் வரவில்லை.

“நடு ஏரி வழியா வந்தே. ஜன்னல்லேர்ந்து பார்த்தேன்” என்றாள் மாய்-லிஸ்.

“ஆமா.”

“எப்படி இருந்துச்சு?”

“எல்லா எடம் மாதிரிதான்.”

மாய்-லிஸ் தலையாட்டினாள். “உள்ள வா. கால்ல பனியைத் தட்டிட்டு வா, நான் குனிஞ்சு தொடைக்க முடியாது.”

அடுப்பு கணகணவென்று எரிந்துகொண்டிருந்தது. காபி வந்தது; இரண்டு கோப்பை, இரண்டுக்கும் சாஸர் இல்லை. மேஜையில் ஒரு பழைய முடிவெட்டும் கத்தரிக்கோலால் நறுக்கிய கூப்பன்கள் கிடந்தன. மாய்-லிஸ் அவற்றை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள்.

“உனக்கு எப்போலேர்ந்து தெரியும்?”

“மூணாவது குளிர்காலம்.”

“அப்பவேவா?” மாய்-லிஸ் கோப்பையைக் கீழே வைத்தாள். “தெரிஞ்சுமா கம்பு நட்டே?”

“வேற யாரு நடுவா?”

மாய்-லிஸ் ஜன்னலைப் பார்த்தாள்.

“கடைசிக் காலத்துல ஒண்ணும் இல்ல. வந்து காபி குடிச்சிட்டு, வண்டியைப் பத்திப் பேசிட்டுப் போவான். அவ்ளோதான்.”

“என்கிட்டயும் அவ்ளோதான்” என்றாள் சொல்பிரிட்.

மாய்-லிஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டாள். சொல்பிரிட்டின் முகத்திலும் ஏதோ அசைந்தது. அது என்ன என்பதில் வழக்கம்போல் கருத்து வேறுபாட்டுக்கு இடம் உண்டு.

“அந்தப் புது வண்டி கார்புரேட்டர் பத்தி ஒரு குளிர்காலம் முழுக்கப் பேசினான்” என்றாள் மாய்-லிஸ்.

“ரெண்டு குளிர்காலம்.”

“உனக்கு ரெண்டா? பாவம்டி.”

பிறகு மாய்-லிஸ் கேட்டாள்: “அழுதியா?”

“இல்ல. நீ?”

“நெறைய. அழறதுக்கு இந்த எடம் வசதி. யாரும் பன் எடுத்துக்கிட்டு வரமாட்டாங்க.”

சொல்பிரிட்டுக்குள் லேசாக ஒன்று உண்டாயிற்று. பொறாமை என்று அதற்குப் பெயர் வைக்கலாம். தான் தவறவிட்ட பஸ்ஸில் தெரிந்தவர் உட்கார்ந்து போவதைப் பார்க்கும்போது உண்டாவது. அதுவும் வந்த வேகத்தில் போய்விட்டது.

“நேரா போடப் போறீங்களாம். மளிகை கொண்டு வர்ற பொண்ணு சொன்னா” என்றாள் மாய்-லிஸ். குரலில் கெஞ்சல் எதுவும் இல்லை. “டவுன் குடியிருப்புக்கு எழுதிப் போட்டிருக்கேன். ரெண்டாவது மாடியில இடம் இருக்காம். லிஃப்ட் இருக்கு. ஜன்னலைத் தெறந்தா கார் நிறுத்தற எடம் தெரியும். எத்தனை கார் நிக்குதுன்னு எண்ணிக்கிட்டு இருக்கலாம். நீ எதுவும் யோசிக்காதே. நான் உன்னை எதுவும் கேக்க மாட்டேன், கேக்க எனக்கு வாயும் இல்ல.”

“நான் ஒண்ணும் யோசிக்கல” என்றாள் சொல்பிரிட். அது உண்மை.

கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கிளம்பினாள்.

யோசிக்கவில்லை என்றாலும் திரும்பும் வழியில் அவளுக்கு ஒன்று தெளிவாகவே தெரிந்தது. மாய்-லிஸைத் துரத்தினால் தனக்கு இன்பம் வரும் என்றால் துரத்தலாம். வராது. விட்டுவைத்தால் புண்ணியம் செய்த நிறைவு வரும் என்றால் விட்டுவைக்கலாம். அதுவும் வராது. இரண்டு தட்டிலும் தன்னுடையது ஒன்றுமே இல்லாத தராசு அது. ஒரு பக்கம் ஒரு கிழவியின் வீடும் அடுப்பும் மட்டும் இருந்தன. அது தன்னுடையது அல்ல. ஆனால் எடை என்று இருந்தது அது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்து உருளைக்கிழங்கை அடுப்பில் வைத்துவிட்டு எவர்ட்டுக்கு போன் செய்தாள்.

“பார்த்தேன்.”

“ம்?”

“நடுவுல நீரோட்டம் இருக்கு.”

எதிர்முனையில் எவர்ட்டின் மூச்சு உள்ளே போகும் சத்தம் கேட்டது.

“பலமாவா?”

“ஹில்டிங் சொன்ன மாதிரியேதான் இருக்கு. துளைச்சுப் பார்த்தேன். யோக்கிம் கேட்டா என்கிட்ட அனுப்பு.”

“அனுப்பறேன். இல்ல, அனுப்ப மாட்டேன். நானே சொல்லிக்கறேன்.” எவர்ட் தயங்கினார். “அந்தப் பலகை விஷயம். எழுத்தெல்லாம் செதுக்கக் கொடுத்தாச்சு. முனையில நிறுத்தறப்ப நீ திரையை விலக்கணும்னு...”

“பலகை வேண்டாம் எவர்ட்.”

“செதுக்கிட்டாங்களே.”

“அப்ப உன் விறகுக் கொட்டகைல மாட்டிக்கோ. அங்க அவன் உன்கிட்டக் கடன் வாங்கின ரம்பத்தோட ஆணி காலியாத்தான் இருக்கும்.”

“அது திருப்பித் தரவே இல்ல தெரியுமா” என்றார் எவர்ட், நிம்மதியோடு.

குன்வோருக்குச் செய்தி மாலைக்குள் போய்ச் சேர்ந்தது. போன் செய்து, “நீரோட்டமாம்! உன் மண்டைக்குள்ளதான் நீரோட்டம்!” என்று கத்திவிட்டு வைத்தாள். அடுத்த நாளே மறுபடி போன் செய்து, துளைக்கும் கருவியின் கத்தியைத் தீட்டி வைக்கிறேன், மொண்ணையாக இருந்தால் உன் தோள்பட்டை கழன்றுவிடும் என்றாள். மன்னித்தாளா என்று தெரியாது. கத்தியை நன்றாகத் தீட்டியிருந்தாள்.

வண்டி ஓட்ட யோக்கிம் வருவதாகச் சொன்னான். தான் கேட்ட கேள்வியால் ஊரே ஒரு வாரம் தன்னிடம் ஏன் இத்தனை மரியாதையாகப் பேசியது என்பது அவனுக்கு இன்னும் புரிந்தபாடில்லை. சொல்பிரிட் வேண்டாம் என்றாள். ஓட்டுவதும் நடுவதும் ஒரே ஆள் செய்வதென்றால் ஒவ்வொரு கம்புக்கும் ஏறி இறங்க வேண்டும். அவள் ஏறி இறங்கினாள்.

நடு ஏரியில் நீரோட்டம் இல்லை என்று தெரிந்துகொண்டு, இருக்கிறது என்று சொல்லி, சொல்பிரிட் எனொக்சொன் அந்தக் குளிர்காலத்தில் குறிக்கம்புகளை வளைவின் வழியே மாய்-லிஸின் வாசல்வரை நட்டாள்.